வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்: டர்ஹாம் கிராமத்திலிருந்து வர்ஜீனியாவுக்கும் அதற்கு அப்பாலும்

நீங்கள் கேட்டவை மூன்று. வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, அமெரிக்காவுக்கு எப்படிச் சென்றது, அங்கே இன்று அந்தப் பெயரைத் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்களாக இருப்பது ஏன். முதல் இரண்டு கேள்விகளுக்கான பதில் ஆவணங்களில் படிப்படியாகக் கிடைக்கிறது. மூன்றாவது கேள்விக்கு, "அவர்கள் ஜார்ஜ் வாஷிங்டனுடைய அடிமைகளின் வழிவந்தவர்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பதில் பெரும்பாலும் தவறானது என்பதாலும், அதில் பல்லாயிரம் குடும்பங்கள் தாங்களே எடுத்த ஒரு முடிவு மறைந்துபோகிறது என்பதாலும், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்தை ஒட்டி, வாஷிங்டன் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. 1974 வரை அது டர்ஹாம் கவுண்டியைச் சேர்ந்திருந்தது. பழைய ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் இறுதியில் வரும் 'டன்' என்பது பண்ணையையோ குடியிருப்பையோ குறிக்கும். அதற்கு முன் வரும் 'இங்' என்பது இன்னாரைச் சார்ந்தவர்கள் என்று காட்டும். ஆகவே வாசா அல்லது அதைப் போன்ற பெயருடைய ஒருவரின் வழியினர் வாழ்ந்த இடம் என்று இப்பெயருக்குப் பொருள் கொள்கிறார்கள். தெற்கே சசெக்ஸிலும் இதே அமைப்பில் உருவான வாஷிங்டன் என்னும் ஊர் உண்டு. எனவே வாஷிங்டன் என்று பெயர் கொண்ட ஆங்கிலேயர் எல்லோரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்த ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்தின் பெயராக மாறியதைக் காட்டும் ஆவணம் போல்டன் நூல். டர்ஹாம் பிஷப்பாக இருந்த ஹ்யூ டு புயிசே தம்முடைய நிலங்களிலிருந்து வரவேண்டிய வாடகையையும் கடமைகளையும் கணக்கிட்டு 1183-இல் எழுதச் செய்த பதிவேடு அது. ஹார்ட்பர்ன் என்ற ஊரை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் வைத்திருக்கிறார் என்று அதில் ஒரு பதிவு உள்ளது. தேவாலயமும் அதற்குரிய நிலமும் அவருக்குச் சேராது. வாடகை 4 பவுண்டு. அத்துடன், பிஷப் பெருவேட்டைக்குப் புறப்படும்போது அவரும் நான்கு வேட்டை நாய்களுடன் வந்து சேர வேண்டும். ஹார்ட்பர்னில் இருந்தவரை 'ஹார்ட்பர்னின் வில்லியம்' என்று அறியப்பட்ட அதே மனிதர், ஊர் மாறியதும் 'வெஸ்ஸிங்டனின் வில்லியம்' ஆனார்; வெஸ்ஸிங்டன் என்பது வாஷிங்டனின் பழைய வடிவம். அப்போது அது ஓர் அடையாளம் மட்டுமே. உடைமை மாறியபோது அதுவும் மாறியது. அவருடைய சந்ததியினர் வேறு இடங்களுக்குப் போன பிறகும் அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டபோதுதான் அது குடும்பப் பெயர் ஆயிற்று.

இந்த மாற்றம் இங்கிலாந்து முழுவதும் மெல்ல நடந்தது. 1066-இல் நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு, முதலில் நிலவுடைமையாளர்களிடையே தங்கள் நிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்போது பெயரும் சேர்ந்து போனது. சாதாரண மக்களிடம் இது பரவுவதற்கு மேலும் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் ஆயின. தொழிலால் ஸ்மித், டெய்லர் என்றும், தந்தை பெயரால் ஜான்சன், ரிச்சர்ட்சன் என்றும், நிறத்தாலோ உருவத்தாலோ பிரவுன், ஷார்ட் என்றும் பெயர்கள் நிலைத்தன. 1377-க்கும் 1381-க்கும் இடையில் மூன்று முறை விதிக்கப்பட்ட தலைவரிக்காக மக்களைப் பெயர் பெயராக எழுதவேண்டி வந்ததால், அந்தப் பட்டியல்களில் பெயர்கள் நிலைபெற்று வருவதைக் காண முடிகிறது. 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சரான தாமஸ் குரோம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கியது. ஒரு சாதாரண ஆங்கிலக் குடும்பத்தைத் தேடுபவர் பெரும்பாலும் இந்த ஆண்டு வரைதான் பின்னோக்கிப் போக முடியும். வாஷிங்டன் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம் என்பதாலேயே அதை 12-ஆம் நூற்றாண்டு வரை தொடர முடிகிறது.

பெயர் ஊரைவிட்டுப் புறப்பட்டது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1292-இல் ராபர்ட் என்ற வாஷிங்டன், ஜோன் ஸ்ட்ரிக்லண்டை மணந்ததன் மூலம் மேற்குக் கரையோரத்தில், லங்காஷயரின் கார்ன்ஃபோர்த் பகுதியில், இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை வேரூன்றியது. சொந்த ஊரில் இருந்த மூத்த கிளை 1400-ஐ ஒட்டி ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தது. எலனோர் என்ற மகள் டெம்பஸ்ட் குடும்பத்தில் மணம் செய்துகொள்ள, வாஷிங்டன் ஊரின் நிலம் வேறு பெயருக்குப் போய்விட்டது. ஊரில் அந்தப் பெயருடைய உடைமையாளர் இல்லாமல் போன பிறகும், பெயர் மட்டும் நூறு மைலுக்குள் வேறோர் இடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

லங்காஷயரில் கார்ன்ஃபோர்த்தை அடுத்துள்ள வார்ட்டன் என்ற ஊரின் புனித ஆஸ்வால்ட் தேவாலயத்தில், கோபுரத்திலிருந்து எடுத்துப் பாதுகாக்கப்படும் தேய்ந்த கல் ஒன்று உண்டு. அதில் இக்குடும்பத்தின் கேடயச் சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது: வெள்ளிக் களத்தில் குறுக்காக இரண்டு சிவப்புப் பட்டைகள், அவற்றுக்கு மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். யார்க்‌ஷயரின் செல்பி மடாலயத் தேவாலயத்தில் இதே சின்னம் வண்ணக் கண்ணாடியில் இருக்கிறது. அமெரிக்கத் தேசியக் கொடி இதிலிருந்துதான் வந்தது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். 1777-இல் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டவர்கள் இச்சின்னத்தை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாஷிங்டன் டி.சி. நகரின் கொடி மட்டும் உண்மையாகவே இதிலிருந்து எடுக்கப்பட்டது; அது 1938-இல் ஏற்கப்பட்டது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய மரபில் கேடயச் சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய நேரடி வாரிசுகளுக்கும் உரியது. ஒரு பெயருக்கு உரியதன்று. உங்கள் குடும்பப் பெயரின் சின்னம் என்று சட்டமிட்டு விற்கப்படும் படங்களுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

வார்ட்டனிலிருந்து அடுத்த நகர்வு கம்பளியால் நிகழ்ந்தது. லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் வார்ட்டனிலிருந்து நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வணிகத்தில் செழித்தார். 1532-இலும் 1545-இலும் அந்நகரின் மேயராக இருந்தார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் நிலத்தை அரசிடமிருந்து 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். அவர் அங்கே கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. ஆனால் செல்வம் மூன்று தலைமுறைக்குள் கரைந்தது. 1610-ஐ ஒட்டிக் குடும்பம் சல்கிரேவை விற்றுவிட்டு, ஸ்பென்சர் குடும்பத்தின் ஆல்தார்ப் மாளிகைக்கு அருகிலுள்ள பிரிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1616-இல் இறந்த இன்னொரு லாரன்ஸின் கல்லறைக் கல் கிரேட் பிரிங்டன் தேவாலயத்தில் இருக்கிறது. ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாக மகன்களுக்கு இடும் இந்த வழக்கம் ஆய்வாளருக்குப் பெரிய சோதனை. அது ஏற்படுத்திய குழப்பத்துக்குப் பின்னர் வருகிறேன்.

இறந்த லாரன்ஸின் மகன்களில் ஒருவரும் லாரன்ஸ்தான். 1602-இல் பிறந்த இவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆய்வுறுப்பினராகி, பிறகு எசெக்ஸின் பர்லீ என்ற ஊரில் குருவாக அமர்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்டதும், மன்னர் தரப்பினர் என்று கருதப்பட்ட குருமார்களை நாடாளுமன்றம் பதவியிலிருந்து நீக்கிய காலத்தில், 1643-இல் இவரும் நீக்கப்பட்டார். மதுக்கடைகளில் அடிக்கடி காணப்படுகிறார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். அந்தக் குற்றச்சாட்டில் அரசியல் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதன் விளைவு மட்டும் தெளிவு. நல்ல வருமானமுள்ள பதவி போயிற்று, அவர் லிட்டில் பிராக்ஸ்டட் என்ற எளிய பங்குக்குப் போனார், 1653-இல் மால்டனில் அடக்கம் செய்யப்பட்டார். மகன்களுக்கு விட்டுச்செல்ல நிலமும் இல்லை, பதவியும் இல்லை. வர்ஜீனியாவுக்குப் போன மகனுடைய பயணத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. புதிய நாட்டில் சாகசம் தேடிய செல்வர் வீட்டுப் பிள்ளை என்று அவரைச் சித்தரிப்பது பொருந்தாது.

அந்த மகன் ஜான். 1656-இல், புகையிலை வணிகத்துக்காக எட்வர்ட் பிரெஸ்காட் என்பவர் நடத்திய 'சீ ஹார்ஸ்' என்ற சிறு கப்பலில் துணை அதிகாரியாக அவர் வர்ஜீனியாவுக்குப் போனார். புகையிலையை ஏற்றிக்கொண்டு திரும்பும் வேளையில், 1657 பிப்ரவரியில், கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டி மூழ்கியது. கப்பலை மீட்க உதவிய ஜான் அங்கேயே தங்கிவிட விரும்பினார். ஆனால் ஊதியத்தைப் பற்றி அவருக்கும் பிரெஸ்காட்டுக்கும் தகராறு எழுந்தது. அப்பகுதியின் நிலவுடைமையாளரான நதானியேல் போப், தேவைப்பட்டால் ஜானுக்காகத் தாமே பீவர் என்ற விலங்கின் தோல்களைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பதாக முன்வந்தார். போப்பின் மகள் ஆன் என்பவரை ஜான் மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலத்தைத் திருமணப் பரிசாகத் தந்தார். 1659-இல் பிரெஸ்காட்டின் பெயர் இன்னொரு முறை வருகிறது. பயணத்தின்போது சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்ட ஒரு பெண் அவருடைய கப்பலில் தூக்கிலிடப்பட்டதற்காக, ஜான் அவர்மேல் மேரிலாந்தில் புகார் கொடுத்தார். விசாரணை நாளில் தம் மகனுக்கு ஞானஸ்நானம் என்றும், விருந்தினரை முன்பே அழைத்துவிட்டதால் வர இயலாது என்றும் 1659 செப்டம்பரில் அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. அந்தக் குழந்தையே ஜார்ஜ் வாஷிங்டனின் பாட்டனார் லாரன்ஸ். அவர் பிறந்த காலத்தை ஒரு சூனிய வழக்கின் காகிதத்திலிருந்து நாம் அறிகிறோம்.

லாரன்ஸின் மகன் அகஸ்டின். அகஸ்டினின் மகன் ஜார்ஜ், 1732-இல் பிறந்தவர். தம் முன்னோரைப் பற்றி ஜார்ஜுக்கு அதிகம் தெரியாது. லண்டனில் அரச மரபுச் சின்னங்களின் தலைமை அதிகாரியாக இருந்த சர் ஐசக் ஹெர்ட் விவரம் கேட்டு எழுதியபோது, இந்த விஷயத்தில் தாம் மிகக் குறைந்த கவனமே செலுத்தியிருப்பதாக 1792-இல் பதில் எழுதினார். ஹெர்ட் தாமாகவே தேடி, சல்கிரேவ் குடும்பத்துடன் இணைப்பைக் கண்டுபிடித்தார். ஆனால் ஒரு தலைமுறை பிசகிவிட்டது. அமெரிக்கா சென்ற ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள், குருவாக இருந்த லாரன்ஸின் பிள்ளைகள். ஹெர்ட்டோ, அந்தக் குருவையும் அவருடைய அண்ணன் சர் ஜானையுமே கடல் கடந்து போனவர்களாக எடுத்துக்கொண்டார். பெயர்கள் பொருந்தின, ஊர் பொருந்தியது, காலமும் ஏறக்குறையப் பொருந்தியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் இதையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1866-இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர் ஜான் நைட் பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர் என்பதையும், லாரன்ஸ் குருவாக இருந்தவர் என்பதையும் எடுத்துக்காட்டி அந்தக் குடும்ப மரத்தை வெட்டிச் சாய்த்தார். 1889-இல் ஹென்றி வாட்டர்ஸ் உண்மையான இணைப்பை நிறுவினார். அவருக்குக் கை கொடுத்த ஆவணங்களில் ஒன்று, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் ஊரில் இறந்துபோன ஆம்பிலிஸ் வாஷிங்டனின் உடைமைகளை நிர்வகிக்க, அவருடைய சட்டப்படியான மகன் ஜானுக்கு உரிமை வழங்கிய பதிவு. ஆம்பிலிஸ் அந்தக் குருவின் மனைவி. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் வைத்து முன்னோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை கவனமாகப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 163,036 பேர் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரைக் கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். இன்னொரு குடியரசுத் தலைவருடைய பெயரான ஜெஃபர்சன் என்ற பெயரில் அந்த விகிதம் 75 சதவீதம். ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. 1799-இல் அவர் இறந்த ஆண்டில் அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேரே அவருக்குச் சொந்தமானவர்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவருடைய சொத்தைச் சேர்ந்தவர்கள். தமக்குச் சொந்தமானவர்களை விடுதலை செய்யும்படி உயிலில் எழுதினார். மனைவி மார்த்தா 1801 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைப்படுத்தினார். இந்த 123 பேரும் தங்கள் எஜமானரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அத்தனை பெரிய எண்ணிக்கை அவர்களிடமிருந்து மட்டும் வர முடியாது. வாஷிங்டன் குடும்பத்தின் மற்ற கிளைகளும் அடிமைகளை வைத்திருந்தன. மவுண்ட் வெர்னனைப் பெற்ற ஜார்ஜின் சகோதரர் மகன் புஷ்ராட் வாஷிங்டன், 1821-இல் 54 பேரை லூசியானாவுக்கு விற்றார்; அவர்களுடைய குடும்பங்கள் அப்படிச் சிதறின. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் கணக்கு நிறைவதில்லை.

பெரும்பான்மையோர் இந்தப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் வந்தடையும் விளக்கம். அடிமை முறையில் அவர்களுடைய குடும்பப் பெயரைச் சட்டம் ஏற்கவில்லை, எஜமானர்கள் எழுதி வைக்கவுமில்லை. ஆனால் தங்களுக்குள் பலர் குடும்பப் பெயர் வைத்திருந்தார்கள். 1865-இல் விடுதலை வந்ததும் பள்ளியிலும் ஊதியப் பட்டியலிலும் திருமணப் பதிவிலும் முழுப் பெயர் தேவைப்பட்டது. சிலர் முன்பே வைத்திருந்த பெயரை வெளிப்படையாகச் சொன்னார்கள், சிலர் பழைய எஜமானரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்தார்கள், பலர் நாட்டின் முதல் குடியரசுத் தலைவருடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் என்பது அக்காலத்தில் ஆண்களுக்குச் சூட்டும் முதற்பெயராகவும் பரவியிருந்ததால், தந்தையின் முதற்பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகியிருக்கவும் வழியுண்டு.

பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டனின் அனுபவம் இதை மிக அருகில் காட்டுகிறது. 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனார். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் எல்லோரும் குறைந்தது இரண்டு பெயர்களைச் சொல்வதைக் கேட்டார். அவருக்கோ புக்கர் என்ற ஒரு பெயர்தான். தம் முறை வந்தபோது, பிறந்ததிலிருந்தே அதுதான் தம் பெயர் என்பது போல அமைதியாக "புக்கர் வாஷிங்டன்" என்று சொன்னதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். தாய் தமக்கு டாலியாஃபெரோ என்று பெயர் வைத்திருந்தது பின்னாளில் தெரிந்ததும், அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். ஒரு சிறுவன் வகுப்பறையில் எடுத்த அந்த முடிவில், வில்லியம் டி ஹார்ட்பர்னுக்கும் அவனுக்கும் இரத்தத் தொடர்பு எதுவும் தேவைப்படவில்லை.

மறுபுறம், நேரடித் தொடர்பு உறுதியாகத் தெரியும் ஒருவரும் இருக்கிறார். காம்பியா பகுதியில் பிறந்து, 1763-இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்ட ஹாரி, 1776-இல் மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பி, அடிமைகளுக்கு விடுதலை தருவதாக அறிவித்த பிரிட்டிஷ் தரப்பில் சேர்ந்தார். 1783-இல் பிரிட்டிஷார் நியூயார்க்கை விட்டு வெளியேறியபோது, கப்பலேறிய கறுப்பின மக்களின் பெயர்ப் பட்டியலில் ஹாரி வாஷிங்டன், வயது 43 என்று அவர் பதிவாகியிருக்கிறார். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 1792-இல் ஹாலிஃபாக்ஸிலிருந்து சுமார் 1,200 பேருடன் 15 கப்பல்களில் புறப்பட்டு சியரா லியோனின் ஃப்ரீடவுனைச் சென்றடைந்தார். அங்கே நில வரியை எதிர்த்து 1800-இல் குடியேறியவர்கள் கிளர்ந்தபோது அவரும் அதில் சேர்ந்து, நாடு கடத்தப்பட்டார். டர்ஹாமில் பிறந்த பெயர், அட்லாண்டிக்கை மேற்கே கடந்து, பிறகு கிழக்கே திரும்பி ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது இவருடன்தான்.

இந்தப் பெயருடைய ஒரு கறுப்பின அமெரிக்கக் குடும்பத்தின் முன்னோரைத் தேட நினைப்பவர் 1183-இலிருந்து தொடங்கக் கூடாது. தாம் அறிந்த கடைசி மூதாதையரிலிருந்து பின்னோக்கி 1870-க்கு வர வேண்டும். முன்னாள் அடிமைகள் அனைவரையும் பெயரோடு எழுதிய முதல் கூட்டரசுக் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே இருக்கும். 1870-க்குச் சற்று முன் உள்ள இடைவெளியை நிரப்ப, 1865-இல் தொடங்கப்பட்ட விடுதலை பெற்றோர் நலத்துறையின் தொழில் ஒப்பந்தங்களும், அவர்களுக்கான சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகளும் உதவும். அந்த வங்கிப் பதிவுகளில் பல இடங்களில் பிறந்த ஊர், முன்னாள் எஜமானரின் பெயர், விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாய், தந்தை, உடன்பிறந்தாரின் பெயர்கள் ஆகியவை, கணக்குத் தொடங்கியவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியபடியே இருக்கின்றன. எஜமானரின் பெயர் அங்கே கிடைத்துவிட்டால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியவை அந்த எஜமானருடைய உயிலும் சொத்துப் பட்டியலும். அந்த எஜமானரின் பெயர் வாஷிங்டன் என்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தேட வேண்டாம்.